அலமாரிக்கு இரண்டு கம்பி

எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தேக்கு அலமாரி பதித்திருந்தது. அதைப் பற்றி அம்மா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கதவு சாத்தாது, சாத்தினால் திறக்காது, உள்ளே வைத்த அப்பளம் மறுநாளே நமுத்துப்போகும். அதனால், வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டுவது என்று முடிவானதும், "நேக்கு அந்த அலமாரி முழுசா வேணும்" என்று அவள் பிடிவாதம் பிடித்தது, பத்து வயதான எனக்கு விசித்திரமாக இருந்தது.

வீட்டில் அப்போது வேறொரு சங்கடமும் இருந்தது. புதிதாக வரும் ஃப்ளாட்டுகளில் தெருவைப் பார்த்த வீடு யாருக்கு என்பதில் அப்பாவும் சித்தப்பாவும் மனஸ்தாபப்பட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசினார்கள். "பேப்பர் படிச்சாச்சான்னு உன் சித்தப்பாவைக் கேளு." "இன்னும் இல்லேன்னு உங்கப்பாட்ட சொல்லு." எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எனக்கு இரண்டு பேரையும் ரொம்பப் பிடிக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இந்தச் சண்டையை நினைத்தால்கூட அழுகை வந்துவிடும்.

இடிக்கிற கான்ட்ராக்டர் சனிக்கிழமை மத்தியானம் ஆட்களோடு வருவதாக ஏற்பாடு. அவர் வந்த பிறகு வீட்டில் மிச்சமிருக்கும் கதவு, ஜன்னல், கம்பி எல்லாம் அவருக்குச் சொந்தம். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். நமக்கு வேண்டியதை அதற்கு முன்பே கழற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் அம்மா என்னை மந்தைவெளியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு அழைத்துப்போனாள். வீடு இடிக்கிறோம் என்றதும் கடைக்காரர் ஆளுயரக் கடப்பாரையை எடுக்கப் போனார். அம்மா அலமாரி விவரத்தைச் சொன்னாள்.

"அப்ப இது வாணாங்கா. இது செவுரு இடிக்க. மரத்துல வெச்சா பொளந்துக்கும்" என்றவர், முழங்கை நீளத்தில் நுனி தட்டையாக வளைந்த கம்பி ஒன்றைக் காட்டினார். "இத்த சந்துல வுட்டு, அடியில ஒரு மரத்துண்டு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா நெம்பணும். மூஞ்சிய மட்டும் கம்பிக்கு நேரா கொண்டாரக்கூடாது. ஒரு ஆளு, ஒரு கம்பி, போதும்."

"ரெண்டு குடுங்க."

"ரெண்டு இன்னாத்துக்குக்கா?"

"எங்க வீட்ல ரெண்டு பேர் இருக்காங்களே" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் பார்த்தால், சித்தப்பா எங்கிருந்தோ தன் உயரத்துக்கு ஒரு கடப்பாரையை வாங்கி வந்து நிறுத்தியிருந்தார். ஆனால் தொடவில்லை. பத்தரை வரை ராகு காலம். வீட்டை இடிப்பதற்குக்கூட ராகு காலம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. காத்திருந்த நேரத்தில் கடப்பாரைக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசிக் குங்குமம் வைத்தார். பத்தரை அடித்ததும், சந்தனம் காய்வதற்குள், தூக்கினார். அது வழுக்கிக்கொண்டு அவருடைய ரப்பர் செருப்பை உரசினாற்போல் விழுந்து தரையை உடைத்தது. அதற்கும் அசராமல் மறுபடி எடுத்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, சுவிட்சு போர்டை ஒட்டியிருந்த சந்தில் குறி வைத்தார்.

"டேய், நிறுத்துடா! மெயினை அணைக்கல!"

கத்தியது அப்பா. என் வழியாக இல்லை, நேராகவே. சித்தப்பா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பதிலை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்பா போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார். அதற்குள் அம்மா பையிலிருந்து இரண்டு கம்பிகளையும் எடுத்துவிட்டாள். "கடைக்காரர் சொன்னார். ஒருத்தரே நெம்பினா பலகை பொளந்துடுமாம். ஆளுக்கொரு பக்கம் நின்னுண்டு, சேர்ந்தாப்ல நெம்பணுமாம்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு முறுக்கை வைத்தாள்.

அப்பா ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். சித்தப்பா ஷூ போட்டுக்கொண்டு, கண்ணுக்கு என்னுடைய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இருவரும் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்துக் கம்பியைச் செருகினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

"நீ முந்திண்டுட்டே."

"நீங்கதான் பின்தங்கறேள், அண்ணா."

"கண்ணாடியைக் கழட்டுடா, உன்னைப் பார்த்தாலே சிரிப்பு வர்றது, கை நிக்கல."

அப்புறம் அவர்களுக்கு நான் தேவைப்படவில்லை. முறுக்கைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டேன். கான்ட்ராக்டரின் லாரி தெருவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டபோது, கீறல்கூட இல்லாமல் அலமாரி கூடத்தில் நின்றது. உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு தரையில் உட்கார்ந்து, அப்பாவும் சித்தப்பாவும் புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்திருந்தார்கள். தெருவைப் பார்த்த வீட்டை நீ எடுத்துக்கோ என்று இவர், இல்லை நீங்களே எடுத்துக்கோங்கோ என்று அவர்.

புது ஃப்ளாட்டில் சுவர்கள் ஒல்லி. எதிலும் அந்த அலமாரியைப் பதிக்க முடியவில்லை. பழைய பேப்பரோடு இன்றும் பால்கனியில் நிற்கிறது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதிர் ஃப்ளாட்டிலிருந்து சித்தப்பா தினமும் காபிக்கு வருகிறார்.

அலமாரியைக் கழற்றிய அன்றைக்கு எனக்கு அம்மாவை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. கடைக்காரர் அவ்வளவு தெளிவாகச் சொன்னதை ஒரே ராத்திரியில் தலைகீழாக மறந்துவிட்டாளே, பாவம், அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.