மத்தியான மிஷின்

போர்ட் பிளேரில் மரமில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. அந்த லைனில் பத்தாவது வரை போன பெண்கள் இருவர்தான்: என் அக்காவும், அடுத்த வரிசையில் இருந்த வங்காளிப் பெண் ஷெபாலியும். டைப்பிங் தெரிந்தால் ஆபீசில் வேலை கிடைக்கும் என்று பேச்சு வந்த வருஷம், பஜாரில் ஒருவர் தகரக் கூரை போட்ட அறையில் கிளாஸ் திறந்தார்.

காலையும் மாலையும் இடமில்லை என்று சொல்லி மாஸ்டர் இருவரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த நேரங்களை ஆபீசர் வீட்டுப் பிள்ளைகள் பிடித்திருந்தார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மா மறுநாள் தானே கிளம்பிப் போனாள்.

“தோபஹர்ல மிஷின் சும்மாதானே கிடக்கு, சார். அந்த வெயில எங்க புள்ளைங்க தாங்கிக்கும்.”

மாஸ்டர் தோபஹர் என்கிற அந்த மத்தியானத்தையும், இருப்பதிலேயே பழைய மிஷினையும் கொடுத்தார். வயசுப் பெண்களைத் தனியே விட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, அம்மா தினமும் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். ஒன்பது வயது நான் அவளுக்குத் துணை.

அந்த மிஷினில் ஆங்கில ‘இ’ எழுத்தின் கம்பி மேலே போனால் கீழே இறங்காது. ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லாமல் ஒரு வரிகூட நகராது என்பது அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு விரலால் அதைத் தட்டி இறக்கப் பழகிக்கொண்டாள். ஷெபாலி ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவாள். விட்ட வரியைத் தேடுவதற்குள் வியர்த்துப்போவாள்.

குமாஸ்தா வேலைக்கான டைப்பிங் தேர்வு மரைன் ஹில் மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மிஷினை அவரவரே கொண்டுவர வேண்டும். மற்றவர்களுடையவை ஜீப்பில் வந்தன. எங்களுடையதை ரப்பர் ஷீட்டில் சுற்றி, கொட்டுகிற மழையில் அம்மா தலையில் சுமந்து மேடேறினாள். முதலில் அக்கா, அவள் முடித்ததும் அதே மிஷினில் ஷெபாலி என்பது ஏற்பாடு.

ஆனால் மாயாபந்தரிலிருந்து வரவேண்டிய கப்பல் வராததால் ஒருவர் இடம் காலியாக இருந்தது. கப்பலில் வருகிறவர் என்பதால் அவருக்காக மட்டும் அங்கேயே எடுத்து வைத்திருந்த மிஷின் புத்தம்புதிது. உங்களில் ஒருத்தி அதில் உட்காரலாம் என்று தேர்வு அதிகாரி சொன்னார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த நான், ‘அக்கா, போ, போ’ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அக்கா ஷெபாலியின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். “தூ உதர் பைட்.”

நீ அங்கே உட்கார் என்றுவிட்டுத் தன் பழைய மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். மழை ஈரத்தில் அந்தக் கம்பி வழக்கத்தைவிட மோசமாகச் சண்டித்தனம் செய்தது. அன்று அக்கா அதனோடு மல்லுக்கட்டியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

ஷெபாலி தேறினாள். அக்கா தேறவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நீயே புதுசில் உட்கார்ந்திருக்கலாமே என்று அழுதேன். அக்கா தலைமுடியைப் பின்னிக்கொண்டே, “எனக்கு அடுத்த தடவை இருக்குடி,” என்றாள். அன்று மத்தியானமே கிளாசுக்குக் கிளம்பிவிட்டாள். அம்மாவும் முறத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். அடுத்த தேர்வில் அக்கா அதே மிஷினில் தேறி, துறைமுக ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த முதல் தேர்வுக்குச் சில வாரம் முன்பு, திக்லிப்பூரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று, இந்த ஒரு தேர்வு வரைக்கும்தான் தன் பாபா பொறுப்பார் என்று ஷெபாலி எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அழுததை நானும் கேட்டிருந்தேன். என் நினைப்பெல்லாம் கல்யாணத்தில் போடப்போகும் ரசகுல்லாவில் இருந்தது. அந்தக் கல்யாணம் ஏன் நடக்காமலே போயிற்று என்று நான் வெகுநாள் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அக்காவிடமே போய்க் கேட்டேன். அவள் சிரித்தாள்.