ரஷீதா கடையின் துணித்துண்டுச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை என்றால் கெர்பாவ் சாலையை ஒட்டிய ரஷீதாவின் தையல் கடையில் நிற்க இடம் இருக்காது. வருகிறவர்களில் பெரும்பாலோர் அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கடல்கடந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். அவர்களுக்கு அது ஒன்றுதான் விடுமுறை நாள்.

ரஷீதா கடையநல்லூர்க் குடும்பம்; பிறந்து வளர்ந்தது இங்கேதான். பெற்ற அத்தாவிடம் தொழில் கற்று, அவர் மறைந்தபின் அதே மெஷினில் உட்கார்ந்தவர். அந்தக் கடையில் யாருடைய பெயரையும் எழுதிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. கொண்டுவந்த துணியின் ஓரத்தில் இரண்டு துண்டு வெட்டுவார். ஒன்றைச் சீட்டில் குத்திக் கையில் கொடுப்பார். மற்றது துணியோடு இருக்கும். துண்டும் துண்டும் பொருந்தினால் ரவிக்கை கைக்கு வரும். அத்தா காலத்து ஏற்பாடு.

அந்தப் பெண்களில் ஒருத்தி சக்தி. ஒரு ஞாயிறு அளவு கொடுக்க வந்தவள் மெல்லச் சொன்னாள்: "அக்கா, இடது பக்கம் கொஞ்சம் லூசா தைங்க."

"போன தடவை டைட்டா வேணும்னு உசிரை எடுத்தியே?"

சக்தி திரையை இழுத்து மூடினாள். "கட்டி மாதிரி இருக்குக்கா. வலிக்குது."

ரஷீதா டேப்பைக் கீழே வைத்தார். "டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினா மேடத்துக்குத் தெரிஞ்சிடும். டிக்கெட் போட்டு அனுப்பிட்டா? பொண்ணு நர்சிங் படிக்கிறா. நான் ஊர்ல போய் நின்னா அவ படிப்பும் நின்னுடும்."

ஆறு மாதத்துக்கொரு தடவை எடுக்கும் மெடிக்கலில் ஏதாவது அகப்பட்டால் வேலை போய்விடும் என்ற பயம் அவளுக்கு மட்டும் இல்லை. ரஷீதா அதைப் பல வாய்களில் கேட்டிருக்கிறார்.

அந்தச் சமயத்தில் ஆங் மோ கியோவிலிருந்து ரஷீதாவிடம் ரவிக்கை தைக்க வரும் நிரஞ்சனா என்ற மருத்துவமனைத் தாதியும் சில தொண்டூழியர்களும் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு இலவச மார்பகப் பரிசோதனை நடத்திவந்தார்கள். ரஷீதா கடையைப் பாதியில் சாத்திவிட்டுச் சக்தியைக் கையோடு அழைத்துப் போனார். மண்டபம் நிறைய நாற்காலி. உட்காரத்தான் ஆள் இல்லை.

வாசல் மேசையில் இருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டாள்: "ஹலோ அக்கா, வொர்க் பெர்மிட் கார்டு ப்ளீஸ்."

பைக்குள் போன சக்தியின் கை வெறுமனே வெளியே வந்தது. "மறந்துட்டு வந்துட்டேன்" என்றவள், ரஷீதா திரும்புவதற்குள் எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கம் போய்விட்டாள். கார்டின் நீலக் கயிறு பைக்கு வெளியே தொங்கிக்கொண்டே போனது.

நிரஞ்சனா தலையில் கைவைத்தாள். "எல்லாருமே இப்படித்தான் மறந்துட்டு வர்றாங்க ஆன்ட்டி. தமிழ்லதானே போஸ்டர் ஒட்டினோம்!"

"வாசல்லயே கார்டைக் கேட்டா எவ உள்ளே வருவா? அந்தக் கார்டு நேரா மேடம் வீட்டுக்குப் போகும்னு நினைக்கிறாங்க."

"பேர் இல்லாம ரிசல்ட்டை யார்கிட்டக் கொடுக்கிறது?"

"நான் உன் பேரைக் கேட்டா உனக்கு ரவிக்கை கொடுத்தேன்?"

துணித்துண்டுச் சீட்டு நினைவுக்கு வந்து நிரஞ்சனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறு ஞாயிறு கடையின் ட்ரையல் ரூமில் தைத்த துணியெல்லாம் வெளியேற்றப்பட்டு ஒரு கட்டில் போடப்பட்டது. நிரஞ்சனா உள்ளே காத்திருந்தாள். ரவிக்கை வாங்க வந்த சக்தியிடம் ரஷீதா ஒளிவுமறைவு வைக்கவில்லை.

"உள்ளே நர்ஸ் இருக்கா. பேர் வேணாம், கார்டு வேணாம். உன் துண்டுல ஒண்ணு உன்கிட்ட, ஒண்ணு அவகிட்ட. போறதும் போகாததும் உன் இஷ்டம்."

"மேடத்துக்கு...?"

"ஏம்மா, இந்தத் துண்டுக்கு வாய் இருக்கா?"

சக்தி மயில்கழுத்து நிறத் துண்டை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு திரைக்குள் போனாள்.

கட்டியை ஸ்கேன் செய்தாக வேண்டும் என்றாள் நிரஞ்சனா. தொண்டூழியர் குழுவிலேயே ஒரு பெண் மருத்துவர் இருந்தார். அடுத்த ஞாயிறு அவருடைய கிளினிக்கில் சக்தி தன் பெயரைத் தானாகவே சொன்னாள். ரஷீதா வெளியே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது.

"நீர்க்கட்டியாம்க்கா! ஊசி போட்டு எடுத்துட்டாங்க. புத்துநோய் இல்லையாம்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" ரஷீதா அவளை அணைத்த வேகத்தில் இருவரும் நாற்காலியோடு விழப் பார்த்தார்கள். மறுநாள் காலை வழக்கம்போல் சக்தி மேடத்தின் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டாள்.

இப்போது பரிசோதனை நாளில் வரிசை கடையைத் தாண்டி நடைபாதை வரை நீள்கிறது. மண்டபத்து மேசையை யாரும் தேடுவதில்லை. அந்த வரிசையில் வந்த ஒரு பெண்ணுக்கு மெய்யாகவே புற்றுநோய். தொடக்கத்திலேயே தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு டப்பா ஜாங்கிரியோடு வந்து நின்றாள். வாசலில் கத்தரிக்கோலோடு நிற்பவள் சக்தி.

"கார்டை உள்ளே வைங்கக்கா! துணி கொண்டு வரலையா? கடைத் துண்டு இருக்கு, வாங்க!"

தீபாவளிக்கு முந்தின மாதம் அவள் ஒரு பட்டுத் துணியை மெஷின்மேல் போட்டாள்.

"ரெண்டு பக்கமும் டைட்டா தைங்கக்கா."

"மூச்சு விட இடம் வேணாமாடி?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் லா!" இந்த ஊர் 'லா' அவள் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரஷீதா கத்தரியை எடுத்து, ஓரத்தில் இரண்டு துண்டு வெட்டினார்.