ஒரு கம்ப்யூட்டர் மட்டும் திணறிய பௌர்ணமி

அன்று பௌர்ணமி. பஸ் முன்பதிவுகளை எட்டு கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அந்த வாரம்தான் நான் எழுதிய புரோகிராம் சொதப்பியது. ஒன்று மூச்சுத் திணற, மற்ற ஏழும் சும்மா கிடந்தன. முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடியதுதான். வீட்டில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"எதை வெச்சுண்ணா பிரிக்கிறே?" என்றாள், கிரிவலத்துக்குக் கிளம்பிய தங்கை.

"ஜனங்க போற ஊரை வெச்சு. ஒரே ஊர்னா ஒரே கம்ப்யூட்டருக்குப் போவும்."

அவள் ஜன்னலைத் திறந்தாள். தெரு முழுக்கத் தலைகள்.

"இன்னிக்கு எல்லாரும் எந்த ஊருக்கு வர்றாங்களாம்?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கா இது தோன்றவில்லை! டிக்கெட் எண்ணை வைத்துப் பிரித்தேன். எட்டும் ஓடின.

சென்னை மேலாளர் போனில் காரணம் கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க ஊருக்கு அவ்ளோ ஜனம் வருது சார்!" என்று பெருமையாக வந்துவிட்டது.