பனியில் வேர்த்த ஆள்

வலது தோள்பட்டை அன்றைக்கும் விண்விண்ணென்று தெறித்தது. வாரத்தில் ஆறு நாள் பெங்களூர் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய்வருகிற தோள். ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா விடு என்று கெஞ்சும். திலீப் கேட்கவில்லை. அதே தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அந்த வலி எவ்வளவு நிஜமோ, அதற்குப் பிறகு நடந்ததும் அவ்வளவு நிஜம். கதை கட்டுகிற ஆள் இல்லை அவன். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

பையில் பேனா, வாட்டர் கலர் டப்பா, இரண்டு பிரஷ், கெட்டித் தாள் நோட்டு. வயிற்றில் ஓர் எரிச்சல். எரிச்சலின் பெயர் வின்னி.

வின்னி, திலீப்பின் மனைவி ஷைலாவுக்குத் தம்பி. தங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸைச் சுற்றி நடந்து நடந்து வரைவான். தங்கம் பிரித்தெடுத்த மண் குவிந்த சயனைடு மேடு, மூடிப்போன சுரங்க வாயின் மேல் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கோபுரம், தைல மரம், ஆடு. சர்ச் சபை அச்சடிக்கும் புது வருஷக் காலண்டருக்கு ஒரே ஒரு படம்தான் எடுப்பார்கள். மூன்று வருஷமாக வின்னியின் படம். மூன்று வருஷமும் திலீப்பும் கொடுத்தான். "நல்லாத்தான் கீது, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சபைச் செயலாளர் எட்மண்ட் முதுகில் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷைலா தம்பியின் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். திலீப் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அதுதான். சோறு எப்படி இறங்கும்?

சனிக்கிழமை ராத்திரி அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"நாளைக்கி வரையப் போறீங்களா? வின்னியையும் இட்டுனு போங்க. எதுனா சொல்லிக் குடுப்பான்."

"அவன் எனக்கு சொல்லிக் குடுக்கறானா? அவனுக்கு மூக்கு தொடச்சிவுட்டவன் நான்."

"மூக்கு தொடச்சா படம் வந்துடுமா?"

திலீப் தூங்கவில்லை. படுத்தபடியே ஒரு வழி கண்டுபிடித்தான். வின்னியின் படங்களில் மனுஷனே இருக்கமாட்டான். அவனுக்கு ஆள் வரைய வராது. கோபுரத்துக்கு முன்னால் ஓர் ஆளை உட்காரவைத்து வரைந்துவிட்டால் போதும். வின்னி அவுட்.

டிசம்பர் மாதம், இரண்டாவது ஞாயிறு. கோபுரத்துக்குக் கீழே அவன் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறு பத்து. பனி இறங்கிக் கிடந்தது. சயனைடு மேடு இருக்கிற இடமே தெரியவில்லை. இடிந்த சுவரில் உட்கார்ந்து பேனாவால் கோபுரத்தைப் போட்டான். விரல் விறைத்தது. சாயம் கலக்கலாம் என்று பைக்குள் கைவிட்டான்.

தண்ணி பாட்டில் இல்லை. வீட்டிலேயே மறந்துவிட்டான்.

"சே!"

அப்போதுதான் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக்... கனத்த பூட்ஸ்.

பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் வந்து எதிர்க்கல்லில் உட்கார்ந்தார். தலையில் ஹெல்மெட். காக்கிப் பேண்ட். இடது முட்டியில் ஊதாப் பூப்போட்ட துணி ஒட்டு, வெள்ளை நூலில் கோணல் தையல். கையில் ஒரு தண்ணி டின்.

சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாக்குக்கு அது இன்னும் தெரியாது. ஹெல்மெட்டைக் கண்டால் அப்பா காலத்துக் கேள்வி தானாக வரும். திலீப்புக்கும் வந்தது.

"இன்னா ஷிப்ட்டுண்ணா?"

"நைட்டு. இப்பத்தான் மேல ஏறனோம்."

காவல்கார ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். 'மேல ஏறனோம்' காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. மனசு முழுக்கக் காலண்டர்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த ஆளின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பனியால் இல்லை. வேர்வை. கழுத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திலீப்போ ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"தண்ணிதானே வேணும்?" என்றார் அவர்.

திலீப் கேட்கவே இல்லை.

டின்னைச் சாய்த்து டப்பா மூடியில் ஊற்றினார். ஆவி பறந்தது. பிரஷைத் தோய்த்த விரல் சுட்டது. வெடிமருந்து வாசனை... லேசாக.

"உங்கள வரையட்டுமாண்ணா?"

"வரை. மூஞ்சி நல்லா தெரியணும்."

வரைந்தான். கை அப்படி ஓடியதே இல்லை. பூட்ஸ், தொங்கும் கை, ஒட்டுப் போட்ட முட்டி, நனைந்த சட்டை. சாயம் போட்ட இடத்தில் அழகாக உட்கார்ந்தது. வின்னி ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது வராது என்று உள்ளுக்குள் சிரித்தான்.

முகம்தான் மிச்சம்.

நிமிர்ந்து பார்த்தான். ஹெல்மெட்டுக்குக் கீழே நிழல்.

"கொஞ்சம் நிமிருங்கண்ணா."

அவர் நிமிர்ந்தார். நிழலும் நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாதையில் விசில் சத்தம். வின்னி! அவனும் நோட்டோடு வருகிறான்.

திலீப்புக்குக் குப்பென்று ஏறியது. பயம் இல்லை, பொறாமை. இந்த ஆளை வின்னி பார்த்துவிட்டால் நாளைக்கே உட்காரவைத்து வரைந்துவிடுவான். பட்டென்று நோட்டை மூடினான்.

"அண்ணா, அடுத்த ஞாயித்துக்கெழம மூஞ்சி போட்டுக் குடுத்துடறேன். இப்ப போங்க. அவன் கண்ணுல படாதீங்க."

"வாக்கா?"

"வாக்கு."

வின்னி சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"யார்கிட்ட மாமா பேசினு இருந்தீங்க?"

"உனக்கு இன்னாத்துக்கு?"

திரும்பினான்.

கல் காலி.

வேலி வரைக்கும் வெறும் பொட்டல். ஓடினாலும் தெரியும். பூட்ஸ் சத்தம்கூட இல்லை.

சுற்றிலும் புல் பனியில் நனைந்து கிடந்தது. அந்தக் கல்லைச் சுற்றி மட்டும்... காய்ந்திருந்தது.

கல்லில் கை வைத்தான்.

தோசைக்கல் மாதிரி சுட்டது.

வின்னியிடம் சொல்லவில்லை. அப்போதும் சொல்ல மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தான். எல்லாம் காய்ந்திருந்தது. முகத்துக்கு விட்ட இடம் மட்டும் ஈரம். மூன்று நாள் ஆகியும் ஈரம். தானே ஒரு முகம் போட்டுப் பார்த்தான். கண்ணும் மூக்கும் கரைந்து கழுத்தில் வழிந்தன. தன் அப்பாவின் முகத்தைப் போட்டான். அதுவும் வழிந்தது. துடைத்தால் வெள்ளைத் தாள். அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

எட்மண்ட் துள்ளினார். "மூஞ்சி இல்லாததுதான்யா இதுல விசேஷமே! இதான் காலண்டரு."

வின்னி கையைப் பிடித்துக் குலுக்கினான். "எனக்கு இது வராது மாமா." ஷைலா தம்பியின் படத்தைக் கழற்றிவிட்டு ஆணியைத் துடைத்து வைத்தாள். திலீப்புக்கு அன்றைக்குச் சோறு இறங்கியது.

அடுத்த ஞாயிறு அவன் கோபுரத்துக்குப் போகவில்லை. வேண்டியது கிடைத்தாகிவிட்டது. இனி எதற்கு அந்தப் பக்கம்?

புது வருஷத்தன்று சபையில் காலண்டர் கொடுத்தார்கள். மத்தியானம் பாக்கியவதி வந்தாள். சுரங்கக் குடியிருப்பில் அடுத்த லைன் வீட்டில் தனியாக இருக்கும் விதவை. காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இந்தப் பேண்ட்ட நீ எங்க பாத்த?"

"ஏம்மா?"

"இந்த ஒட்டு நான் போட்டது. என் ஊதாப் பொடவையில கிழிச்சி. காக்கி நூல் இல்லாம வெள்ளை நூல்ல தச்சேன்."



"கீழ பாறை வெடிச்சிது. நைட்டு ஷிப்ட்டு. என் வூட்டுக்காரரு... இந்த ஒட்ட வச்சிதான் அடையாளம் காட்டனேன். மூஞ்சின்னு ஒண்ணு மிஞ்சல. இந்தப் பேண்ட்டோடதான் பொதச்சோம்."

"எப்பம்மா?"

"நீ பொறக்கறதுக்கு முன்ன."

காலண்டரை விரித்தாள். அந்த வெள்ளை இடத்தில் விரல் வைத்தாள்.

"தொட்டுப் பாரு."

அச்சடித்த தாள். ஈரமாக இருந்தது. சுட்டது.

"அவரு போட்டோ...?"

"ஒண்ணுகூட எடுக்கல. எனக்கே மறந்துட்டுது திலீப்பு. கண்ண மூடனா ஹெல்மெட்டு வருது. மூஞ்சி வரமாட்டேங்குது." அவன் கையைப் பிடித்தாள். "நீ பாத்தல்ல? எப்டி இருந்தாரு?"

அவன் பார்த்தது ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு நிழலை மட்டும்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு பேனாவும் சாயமுமாகப் போய் உட்கார்ந்தான். கல் குளிர்ந்து கிடக்கிறது. யாரும் வருவதில்லை.

செத்துப்போன ஒரு மனுஷனுக்கு வாக்குக் கொடுத்த ஒரு முகம். திலீப் அதை இன்னும் கொடுக்கவில்லை.