பெயர் சொன்னதும் எழுந்து போனவர்

கல்முனைச் சந்தையில் பாரை மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது அந்த அழைப்பு வந்தது. "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாங்க. விடிய சுபஹு தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தவங்க, அப்படியே போயிட்டாங்க. பகல் ளுஹருக்குப் பிறகு அடக்கம்" என்றார் ஹாஜியாரின் மூத்த மகன் றிஸ்வி. மீனை வாங்காமலே நடந்திருக்கிறேன். பாதி வழியில் அந்த மீன்காரரே சைக்கிளில் துரத்தி வந்து பையைக் கையில் தந்தார். யார் போனார் என்று கேட்டவர், பெயரைச் சொன்னதும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இன்னாலில்லாஹி" என்று சொல்லிக் கடைக்குத் திரும்பாமல் ஜனாஸா வீட்டுப் பக்கமே சைக்கிளைத் திருப்பினார்.

நற்பிட்டிமுனை காசிம்பாவா ஹாஜியார் அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் ஒரு தவணை பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அதற்கு முன்னும் பின்னும் ஊருக்கு மேற்கே உள்ள வயல்வெளிக்கு, எங்கள் பேச்சில் வட்டைக்கு, விதானையாக இருந்தார். வாய்க்கால் நீரை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுப்பதும், வேலி அடைக்காதவரைக் கண்டிப்பதும், சண்டை வந்தால் நடுவில் நிற்பதும் அந்தப் பதவியின் வேலை. இரண்டு பதவிகளில் எது பெரியது என்று அவரைக் கேட்டால் சிரிப்பார்.

அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த என்னை அவர் அந்தரங்கச் செயலாளராக வைத்துக்கொண்டார். நான் மெதடிஸ்த சபைக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியுமுன் என்னை அழைக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். "வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு என்னையும் கூப்பிடாதீங்க தம்பி. மிச்சம் அஞ்சு நாள் இரிக்கிதானே" என்றார். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான்.

கொழும்புக்குப் போகும் வழியில், மகியங்கனை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும்போதெல்லாம், அன்றைக்கு வாக்கெடுப்புக்கு வரும் சட்டமூலத்தை விளக்கச் சொல்வார். நான் விளக்குவேன். முடிவில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இதுக்குக் கைய உயர்த்தினா, மாரி மழைக்கு வட்டைக்குள்ள என்ன நடக்கும்?" பாதிச் சட்டங்களுக்கு என்னிடம் பதில் இருக்காது. அவருக்குப் பதில் கிடைக்காத சட்டங்களுக்கு அவர் கை மெதுவாகத்தான் எழும்பும். கட்சிக் கொறடா இதைக் கவனித்து என்னைத்தான் முறைப்பார்.

அப்படி ஒரு பயணத்தில்தான் தங்கள் வட்டையின் வழக்கத்தைச் சொன்னார். விதைப்புக்கு முன் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் விதானையைத் தெரிவுசெய்வார்கள். ஒருவர் பெயர் முன்மொழியப்பட்டதும் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் மனம் திறந்து கதைக்க முடியாதல்லவா? உள்ளே கதைத்து, கை உயர்த்தி, முடிவான பிறகு ஒருவர் போய் அவரைக் கூட்டிவருவார். கூப்பிட ஆள் வரும்வரை வெளியே நிற்பதுதான் மரியாதை. "எங்கட மூத்தவாப்பா காலத்தில இருந்து இதுதான் சட்டம்" என்றார். நான் அரைத்தூக்கத்தில் "நல்ல வழக்கம்" என்று சொல்லிவைத்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. சபாநாயகரும் அவருக்கு அடுத்தவரும் இல்லாதபோது சபையை நடத்தும் குழுக்களின் பிரதித் தவிசாளர் பதவி வெற்றிடமாகி, இரு தரப்பும் ஏறக்குறையச் சமமாக நின்ற சபையில், எல்லாரும் ஒத்துக்கொள்ளக்கூடிய மனிதர் என்று ஹாஜியாரின் பெயர் வந்தது. எங்கள் கரையோரத்துக்கு அது பெரிய விஷயம். ஊரில் தேநீர்க் கடைகளில் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தியில் பட்டாசு வாங்கித் தயாராக வைத்திருப்பதாக றிஸ்வி அழைத்துச் சொன்னார். ஹாஜியார் புதுக் கோட்டு அணிந்திருந்தார். கழுத்துப் பட்டி நேராக இருக்கிறதா என்று என்னிடம் பலமுறை கேட்டார். அவருக்கு ஆசை இருந்தது. எனக்கு அவரைவிட அதிகம் இருந்தது.

நான் அதிகாரிகளுக்கான இடத்தில் அமர்ந்திருந்தேன். ஓர் உறுப்பினர் எழுந்து ஹாஜியாரின் பெயரை முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். உடனே ஹாஜியார் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். சபாநாயகர் ஆசனத்துக்குத் தலை குனிந்து வணங்கினார். அப்படியே வெளியே நடந்தார். கைத்தொலைபேசி மேசையிலேயே கிடந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு பெயர் வந்தது. இரகசிய வாக்கெடுப்பு என்று அறிவித்து, உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார்கள். ஹாஜியாரின் ஆசனம் இன்னும் வெறுமையாகவே இருந்தது.

அப்போதுதான் மகியங்கனை வளைவில் அரைத்தூக்கத்தில் கேட்ட அந்த வழக்கம் என் நினைவுக்கு வந்தது.

என் வயதுக்கு அந்தக் கட்டடத்தில் நான் அப்படி ஓடியிருக்கக் கூடாது. தொழுகை அறையில் இல்லை. உணவகத்தில் இல்லை. கடைசியில் பின்புறம், ஏரியைப் பார்த்தபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் முகமெல்லாம் சிரிப்பாக, "முடிஞ்சா தம்பி?" என்றார்.

"ஹாஜியார், உங்கட பேரக் கூப்பிடுறாங்க. நீங்களும் வாக்குப் போடணும்."

"என்ட விஷயத்தில நானா?" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகம் விழுந்துவிட்டது. இருவரும் ஓடினோம். நாங்கள் வாசலை அடைந்தபோது, வராதவர்களை இரண்டாம் முறை அழைத்து முடித்து, பெட்டியை மூடிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒரு வாக்கால் தோற்றிருந்தார். அவர் போட்டிருந்தால் சமம். சமமென்றால் திருவுளச்சீட்டு. அதிர்ஷ்டத்துக்காவது ஓர் இடம் இருந்திருக்கும்.

கட்சித் தலைவர் வராந்தாவில் வைத்துப் பொரிந்து தள்ளினார். "இது பாராளுமன்றம் ஹாஜியார். உங்கட வட்டைக் கூட்டமில்ல."

"ஓம் தலைவர், பிழை என்டதான்" என்றார் இவர். "பேரக் கேட்டதும் கால் எழும்பிட்டு. கூப்பிட ஆள் வரும் எண்டு பார்த்துக்கிட்டு நிண்டன்."

திரும்பி வரும் வழியில் நான் கோபத்தோடுதான் இருந்தேன். மகியங்கனை தாண்டியதும் அடக்க முடியாமல் கேட்டேன்: "உள்ளே இருந்திருந்தா உங்களுக்கே போட்டிருப்பீங்கதானே?"

"போட்டிருப்பன் தம்பி. ஆசை இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். எல்லாருக்கும் அந்த ஆசை வரும் எண்டு தெரிஞ்சுதானே வெளிய போகச் சொல்லி வெச்சிரிக்காங்க" என்றார். என் கோபம் அந்த இடத்தில் இறங்கிப் போய்விட்டது. அவரை நான் நேசிக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு வேட்புமனுவில் இடம் கொடுக்கவில்லை. ஊரில் சிலர் கொதித்தார்கள், சிலர் கேலி செய்தார்கள். அவருக்கு வலித்தது. ஆனால் ஒரு வாரத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் வெட்டுமிடத்தில் நின்றார். அந்தப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு என்னையும் விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். அவர் பெயரைச் சொன்னார்கள். எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கதைத்தார்கள். தண்ணீர் முறையில் அவர் தன் மச்சானுக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை என்று மச்சானே குறை சொன்னார். பிறகு எல்லாக் கைகளும் எழும்பின. "சேர், நீங்க போய்க் கூட்டி வாங்க" என்று என்னை அனுப்பினார்கள். மருதமரத்தின் கீழ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"முடிஞ்சா தம்பி?"

"ஓம் ஹாஜியார். எல்லாக் கையும்."

அன்றுதான் சந்தியில் கிடந்த அந்தப் பட்டாசைக் கொளுத்தினார்கள். பாதி நமுத்துப் போயிருந்தது. "மாடு மிரளும், நிப்பாட்டுங்கடா" என்று சத்தம் போட்டுக்கொண்டே சிரித்தார். அவ்வளவு மகிழ்ச்சியான முகத்தோடு அவரைப் பாராளுமன்றத்தில் நான் கண்டதில்லை. இறுதிவரை, ஒவ்வொரு போகத்திலும், அந்த மகிழ்ச்சி அவரிடம் இருந்தது.

ளுஹர் தொழுகை முடிந்ததும் ஜனாஸாவைப் பள்ளிவாசலுக்குள் கொண்டுபோனார்கள். நான் வாசலுக்கு எதிரே வீதியோரத்தில் நின்றேன். இதுவரை அவர்தான் வெளியே நிற்பார், நாங்கள் உள்ளே இருப்போம். இன்று அவர் உள்ளே, நான் வெளியே. ஜனாஸாத் தொழுகைக்கு முன் ஒலிபெருக்கியில் இமாமின் குரல் கேட்டது: "இந்த மனிசரப் பத்தி நீங்க என்ன சாட்சி சொல்றீங்க?" உள்ளே திரண்டிருந்தவர்கள் ஒரே குரலில், "நல்ல மனிசர்" என்றார்கள். எங்கள் வட்டைக்காரர்களின் குரல்களை என்னால் தனியாகப் பிரித்தறிய முடிந்தது.

சபையில் எத்தனையோ வாக்கெடுப்புகளை ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். எனக்கென்று அங்கே ஒருநாளும் வாக்கு இருந்ததில்லை. இங்கே யாரைக் கேட்க வேண்டும்? வலது கையை நன்றாக உயர்த்தினேன். போய் வாருங்கள் ஹாஜியார் என்று வாய்க்குள் சொன்னேன்.

வீதியில் போன ஓட்டோ ஒன்று என்னருகே வந்து நின்றது. "எங்க சேர் போகணும்?"

"எங்கயும் போகல்ல தம்பி" என்றேன், கையை இறக்காமலே. "ஒரு வாக்குக் குறைஞ்சு கிடந்தது. அதப் போடுறன்."