எதிர்ப் பக்கத்து ஆள்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிவி ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. மின்வெட்டைப் பற்றிக் கடைக்காரர்களிடம் கேட்டுப் பத்திரிகையில் எழுத நான் முதன்முதலாக அங்கே போன நாளில், வாசலில் நான்கு செருப்புகள் கிடந்தன. நான்கும் ஒற்றைச் செருப்புகள். ஒன்று ரப்பர், ஒன்று தோல், ஒன்றின் வார் அறுந்து ஊக்கு போட்டிருந்தது. ஜோடி ஒன்றுகூட இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு மெக்கானிக் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "திருட்டு எதுவும் இல்ல சார். மேட்ச் நடக்குது, உள்ள வாங்க."

அந்தக் கடையின் வழக்கம் அது. கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பார் என்று இரண்டு பேர் பந்தயம் கட்டினால், ஆளுக்கு ஒரு செருப்பை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஆட்டம் முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது. தோற்றவர் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித்தர வேண்டும். பணம் கிடையாது. "பணம் வெச்சா போலீசு வரும், டீ வெச்சா வடைதான் வரும்" என்பார் மெக்கானிக். பழுது பார்க்க வந்த டிவிகளில் எது அன்றைக்கு வேலை செய்கிறதோ அதில் ஆட்டம் ஓடும். சில நாள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் பச்சையாகத் தெரிவார்கள்.

நான் பந்தயம் கட்டியதில்லை. ஓரமாக நின்று பார்ப்பது தொழில் கொடுத்த பழக்கம். பார்த்ததில், ஒரே ஆட்டத்தை நான்கு பேரும் நான்கு விதமாகப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் பழைய ஸ்கோர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். பலமான அணியின் பக்கம்தான் நிற்பார். ஜெயித்தாலும் சிரிக்க மாட்டார், விடை சரியாக வந்துவிட்டது என்பதுபோல மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். ஜவுளிக்கடைக்காரருக்குக் கடைசி ஓவரைப் பார்க்கத் தைரியம் கிடையாது. வெளியே போய்ச் சுவரைப் பார்த்தபடி ஒற்றைச் செருப்போடு நிற்பார். "அண்ணாச்சி, முடிஞ்சிருச்சு, வாங்க" என்று யாராவது கூப்பிட்டால்தான் திரும்புவார். மெக்கானிக் யார் அதிகம் கத்துகிறாரோ அவர் பக்கம் சாய்வார்.

நான்காவது ஆள் கண்டக்டர். பெரம்பலூர் அரியலூர் தடத்தில் ஒருநாள் வேலை, ஒருநாள் ஓய்வு. ஓய்வு நாளிலும் சட்டைக் காலரில் கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். உட்காரவே மாட்டார். தூணில் முதுகைச் சாய்த்து, பஸ் வளைவில் திரும்பப் போகிறது என்பதுபோலக் கால்களை அகட்டி நிற்பார். அந்தக் கடையில் அதிகம் டீ வாங்கித் தந்தவர் அவர்தான். மற்றவர்கள் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. "இன்னிக்கி யாருய்யா தோக்கப் போறாங்க? கண்டக்டரக் கேளு, கரெக்டா கட்டுவாரு" என்பார் ஜவுளிக்கடைக்காரர். மூன்று பேரும் ஒரே அணியின் பக்கம் நின்றுவிட்டால் கண்டக்டர் இரண்டு செருப்பையும் இரண்டு பேரிடம் கொடுப்பார். மூன்றாவது ஆளுக்குக் கைக்குட்டையை உருவிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நிற்பார்.

ஒரு கோடைக்காலம் முழுக்க யார் எந்தப் பக்கம் கட்டுகிறார்கள் என்று என் குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு வந்தேன். பதினேழு பந்தயங்கள். கண்டக்டர் ஒருமுறைகூட முதலில் வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, ஆள் குறைவான பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

அரியலூரில் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போன ஒருநாள் அவருடைய பஸ் அமைந்தது. சிமென்ட் லாரிகளின் தூசிக்காக ஜன்னல்களை எல்லாம் மூடி வைத்திருந்தார்கள். டிக்கெட் கொடுத்து முடித்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றவரிடம், "உங்களுக்குன்னு ஒரு டீம் கிடையாதாண்ணே?" என்று கேட்டேன். அவர் பின்சீட்டில் யாரும் கேட்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எல்லாரும் ஒரே பக்கம் கட்டிட்டா பந்தயம் ஏது சார்? ஸ்கோரக் கேட்டுட்டு அவனவன் வூட்டுக்குப் போயிடுவான். எதிர்ல ஒருத்தன் நின்னாத்தான் அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருப்பாங்க." பிறகு விசில் ஊதிவிட்டு, "இத அங்க சொல்லிடாதீங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்தக் கூட்டமும் நீண்டநாள் இருக்கவில்லை. தட்டையான டிவிகள் வந்த பிறகு பழுது பார்க்கக் கொண்டுவருபவர்கள் குறைந்தார்கள். மெக்கானிக் அதே கடையில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிறார். வாத்தியார் மகனோடு திருச்சிக்குப் போய்விட்டார். ஜவுளிக்கடைக்காரரைப் போன தீபாவளிக்கு முன் பார்த்தேன். கல்லாவில் உட்கார்ந்து போனில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார். கடைசி ஓவர் வந்ததும் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலை அடுக்குகளைப் பார்த்தபடி இருந்தார். முடிந்துவிட்டது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. வெகுநேரம் கழித்து அவரே போனைத் திருப்பிப் பார்த்தார். ஜெயித்தாரா தோற்றாரா என்பது முகத்தில் தெரியவில்லை.

கண்டக்டர் ஓய்வு பெற்றுக் கல்லங்குறிச்சியில் கோயிலுக்குப் போகும் சாலையோரம் சின்னதாக ஒரு வீடு கட்டினார். கட்டி முடித்த மறுவருஷம் மனைவி இறந்துபோனார். மகள் திருப்பூரில். அதன்பிறகுதான் மேட்ச் இருக்கும் நாட்களில் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். நலம் விசாரிக்க மாட்டார். "இன்னிக்கி எந்தப் பக்கம் சார்?" என்று கேட்பார். செய்தி அடிக்கிற அவசரத்தில் நான் வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்வேன். யாரோடு யார் ஆடுகிறார்கள் என்பதே சிலநாள் எனக்குத் தெரியாது. "அப்ப நான் அந்தப் பக்கம்" என்று வைத்துவிடுவார். முடிந்ததும் மறுபடி கூப்பிடுவார். அவருடைய நாளில் அந்த இரண்டு போன்களுக்கு நடுவே என்ன இருந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருமானூரில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "மேட்சுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, உக்காருங்க சார்" என்று அவசர அவசரமாக டீ போட்டார். வீட்டில் ஒரே நாற்காலி. அதை எனக்குப் போட்டுவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். "ஷூவக் குடுங்க" என்றார். என் இடது ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தன் ரப்பர் செருப்பு ஒன்றை என் நாற்காலிக்குக் கீழே வைத்தார். "சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

நம் அணிக்கு எதிரே ஆடவந்தது அந்த வருஷம் எதையும் ஜெயிக்காத ஒரு அணி. இந்த மனிதர் ஒருமுறையாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அந்த அணியின் பெயரைச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காமலே எடுத்தேன் என்று சொல்லும் ஆளை ஒரு கண்டக்டர் பார்க்கிற பார்வை. "சரி, அப்ப நான் நம்ம பக்கம்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம்வரை வாசல் நிலையிலேயே சாய்ந்து நின்றார். எதிர்பார்த்தபடியே அவருடைய அணி சுலபமாக ஜெயித்தது. நான் கைகொடுக்க எழுந்தபோது அவர் குனிந்து ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க ஆசப்பட்டுக் கட்டல."

"அப்டி இல்லண்ணே..."

"வேலையில இருந்த காலம் பூரா நான் பண்ணுனது சார் இது. எனக்குத் தெரியாதா?" குரலில் கோபம் இல்லை. "ஆனா கடையில ஒருத்தனுக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன். நீங்க மொதப் பந்து போடறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துட்டீங்க."

டீ வாங்கித்தருகிறேன், கடைவரை வாருங்கள் என்றேன். வயிறு சரியில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்தன்றும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறேழு ஆட்டங்கள் போயின. இதற்கிடையில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது: செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை முதலில் படிப்பது. யார் எப்படிப் பந்து போடுகிறார், யார் காயத்திலிருந்து திரும்பியிருக்கிறார் என்பதெல்லாம் தெரியவந்தது. ஓர் அணி ஜெயிக்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதன்முறையாக மனதார ஆசைப்பட்டேன். இரண்டு வாரத்துக்கு முன், டிவியில் ஆட்டம் தொடங்கியிருந்தபோது, நானே அவரைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார். அணியின் பெயரைச் சொல்லி, "இந்தத் தடவை நெஜமாவே கட்டுறேண்ணே. ஜெயிக்கணும்னு கட்டுறேன். நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்றேன்.

"அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்படுவது தெரிந்தது. "எனக்கு ஆள் கெடச்சிருச்சே சார். நம்ம மெக்கானிக்தான் போன்ல ஏதோ ஒரு ஆப் போட்டுக் குடுத்தாரு. அதுல கட்டிட்டேன்."

"எதிர்ல யாருண்ணே?"

"யாருன்னு தெரியல சார். பேரு காட்ட மாட்டேங்குது." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆனா நான் எந்தப் பக்கம் கட்டுனாலும் ஒடனே அந்தப் பக்கம் வந்துடுறாரு. ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்கறதில்ல. யாரோ நல்ல மனுசன் போல."

எதிரே நிற்பது அந்தச் செயலியேதான், அங்கே ஆள் யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டு அந்த இடத்தில் யாரை நிறுத்துவது என்று தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அவரும் வைக்கவில்லை. திடீரென்று அவர் பக்கத்து டிவியிலிருந்து மைதானமே எழுந்து கத்துகிற சத்தம் வந்தது. என் டிவியில் பந்து வீசுபவர் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தார்.