மண்ணெண்ணெயில் குளித்த பெயாரிங்

ஓட்டமாவடியில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர், மீன் வியாபாரி ஒருவரின் சைக்கிளில் இருந்து பின்சில்லைக் கழற்றிக் கையால் சுழற்றுகிறார். அது கரகரக்கிறது. ஊர் ஊராகப் போய் விற்க வேண்டிய மீன் பெட்டியிலேயே கிடக்க, ஐஸ் கரைந்து ஒழுகுகிறது.

“மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினியா?”

“ஓம் காக்கா. உப்புத் தண்ணி பட்டது. கழுவாட்டிக் கறள் பிடிக்குமே,” என்கிறார் வியாபாரி, கடைக்காரரை அண்ணன் முறை வைத்து.

“இது சீல் பெயாரிங், மூடி போட்டு அடைச்சது. உள்ளுக்கு இருந்த கிறீஸையும் சேத்துக் கழுவிப்போட்டாய். வெளியில துடைச்சாலே போதும்.”

கடைக்காரர் ஊசிமுனையால் ரப்பர் மூடியைக் கிளப்பி, உள்ளே துடைத்து, புதுக் கிறீஸ் அப்புகிறார். அவர் அவசரப்படவில்லை. வெயில் ஏறுகிறது. வியாபாரி பெட்டியைத் திறந்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்து “மணலை மீன், மணலை” என்று கூவுகிறார். முதலில் இரண்டு பெண்கள் வருகிறார்கள், பிறகு ஒரு கூட்டம்.

சில்லு இப்போது சத்தமில்லாமல் சுழல்கிறது.

“இந்தா, இனி ஓடு.”

“எங்க ஓடுற காக்கா? மீன் முடிஞ்சுது.”